நாலு கரண்டி விரதம்

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் காலையிலேயே செல்வராணியைக் கட்டிலிலிருந்து இறக்கி நடக்கவிட்டார்கள். வயிற்றுக்குள் ஏற்றிய காற்று நடந்தால்தான் வெளியேறும், படுத்தே கிடந்தால் தோளில் போய் உட்கார்ந்துகொண்டு குத்தும் என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள். ஏற்கெனவே குத்திக்கொண்டுதான் இருந்தது. கத்தி வைத்தது வயிற்றில், வலிப்பது தோளில், இது என்ன நியாயம் என்று முனகிக்கொண்டே டிரிப் கம்பியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். மிஸ்ஸி சொன்னது ஐந்து சுற்று. செல்வராணி பன்னிரண்டு சுற்று நடந்தாள்.

அன்று தொடங்கியதுதான். அதற்குப் பிறகு அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

செல்வராணிக்கு வயது நாற்பத்து மூன்று. தம்போயில் மின்சாதன உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவின் சூப்பர்வைசர். கணவன் கமலநாதன் அதே வட்டாரத்தில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறான். ஒரே மகள் லோஷினி, கல்லூரியில் முதல் வருஷம். கத்தி வைக்கும்போது செல்வராணியின் எடை நூற்று இருபத்தொரு கிலோ. பத்து வருஷமாகச் சர்க்கரை வேறு. எடையைப் பற்றி ஊர் பேசியதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி பெருமூச்சு விட்டதையும் பொறுத்துக்கொண்டாள். அவளைக் கத்திக்கு ஒப்புக்கொள்ள வைத்தது மாமனாரின் கால். மாமனார் வீரமுத்துவுக்குச் சர்க்கரையில் முதலில் ஒரு விரல் போனது, பிறகு பாதம். இரண்டு வருஷம் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டியவள் செல்வராணிதான். முழங்காலுக்கு மேல் எடுக்க வேண்டும் என்று ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மனுஷன் திரும்பி வரவில்லை. போன வருஷம் ஒருநாள் குளித்துவிட்டு வந்து தன் கால் பெருவிரலைப் பார்த்தபோது, அதில் உணர்ச்சி கொஞ்சம் மந்தமாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மறுவாரமே டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து விடுவார்களாம். வயிற்றில் ஐந்து சின்னத் துளைதான். எல்லாம் அவர் சொன்னபடியே நடந்தது. சொல்லாத ஒன்றும் நடந்தது. பசி போய்விட்டது, சரி. பசியோடு சேர்ந்து பொழுதும் போய்விட்டது. அதுவரைக்கும் அவளுடைய நாளுக்குக் கைப்பிடிகள் இருந்தன. ஏழு மணிக்கு ரொட்டி சானாய், பத்து மணிக்குத் தே தாரேக் டீ, ஒரு மணிக்குச் சோறு, நாலு மணிக்கு மலாய்க்கார அக்கா கொண்டுவரும் கூலே பலகாரம், வீட்டுக்கு வந்ததும் ஏதாவது பொரித்தது. இப்போது இருமல் மருந்து அளக்கும் சின்னக் குவளையில் கால் மணிக்கு ஒருதரம் தண்ணீர். அதற்கும் லோஷினி போனில் அலாரம் வைத்துக் கொடுத்திருந்தாள். இடையில் இருக்கும் பதினைந்து நிமிஷத்தை என்ன செய்வது? கூட்டின வீட்டையே கூட்டினாள். அலமாரியிலிருந்து துணியை எடுத்து மடித்து வைத்தாள், பிறகு அதையே கலைத்து மறுபடி மடித்தாள். கதவு வரைக்கும் போய்விட்டு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள்.

"உக்காரு ராணி. எனக்குத்தான் தல சுத்துது," என்பான் கமலநாதன்.

"உக்காந்தா சாப்புடணும்போல இருக்கு. சாப்புட முடியாது. அப்புறம் எதுக்கு உக்காரணும்?"

ஆப்பரேஷன் விஷயம் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். வேலையிடத்தில் பித்தப்பையில் கல் என்று சொல்லி இரண்டு வாரம் எம்.சி. விடுப்பு எடுத்திருந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், ஆனால் அந்தப் பொய் நன்றாகவே ஓடியது. ஒருத்தி தன் சித்தப்பாவின் கல்லைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள், இவளும் தலையாட்டினாள். பயம் எல்லாம் ஒரே ஓர் ஆளிடம்தான். மாமியார் பேச்சியம்மாள்.

பேச்சியம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. பண்டார் தெங்காராவில் தனியாக இருக்கிறார். செம்பனைக் காட்டில் முப்பது வருஷம் களை பிடுங்கி, உரம் போட்டு, இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மாப்பிள்ளை தேடும்போது "மாமியார் எப்படி?" என்று விசாரித்த செல்வராணியின் அம்மாவுக்கு, "கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம்" என்று பதில் வந்ததாம். இரண்டும் உண்மை. அவருக்குப் பிரியம் வந்தால் அகப்பையில்தான் வரும். தட்டில் இடம் இருக்கும்வரை வைப்பார், இடம் இல்லாவிட்டால் குழம்பை ஊற்றி இடம் பண்ணுவார். கணவனை ஆப்பரேஷன் மேசையில் பறிகொடுத்த பிறகு, இந்தக் குடும்பத்தில் இனி யார் மேலும் கத்தி படக் கூடாது என்று சாவு வீட்டிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டவர்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கல்யாணம். இதே ஆப்பரேஷன் செய்துகொண்ட உறவுக்காரப் பெண் ஒருத்தி பாதி உடம்பாக வந்து நின்றாள். பந்தியில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள், பத்துப் பேர் காதில் விழும்படி, "வாயக் கட்ட முடியாதவ வயித்த வெட்டிக்கிட்டா," என்றார். பந்தியே சிரித்தது. செல்வராணியும் சிரித்தாள். அப்போது அவள் இலையில் இரண்டாவது தடவை வைத்த பிரியாணி இருந்தது. அந்தச் சிரிப்பை அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஆப்பரேஷன் ஆகி மூன்று வாரம் இருக்கும். டிசம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. பேச்சியம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி, கோழிப் பிரட்டல் நிறைந்த டிபன் கேரியரோடு தம்போய்க்கு வந்து இறங்கினார். செல்வராணி மேசையில் குழைத்த பருப்பைத் தேக்கரண்டியால் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, பச்சப்புள்ளைக்கு ஊட்டற மாதிரி? ஒடம்பு வேற எளச்சிருக்கு. இந்தா, கோழி."

கோழி வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. வாழைப்பழ அளவு வயிற்றில் அதற்கு இடமில்லை. கமலநாதனைப் பார்த்தாள். அவன் மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

"விரதம் அத்தை," என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாம்னு."

டிபன் கேரியர் மூடி திரும்பவும் மூடிக்கொண்டது. பேச்சியம்மாளின் முகம் பெருமையில் மலர்ந்ததைச் செல்வராணி எதிர்பார்க்கவில்லை. இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"நாப்பத்தெட்டு நாளா? என்ன வேண்டுதல்?"

"சக்கரை கொறையணும்னு."

அதில் மட்டும் பொய் இல்லை. பேச்சியம்மாள் கோழியைத் தூக்கி மகனிடம் கொடுத்துவிட்டு, மருமகள் தலையில் கை வைத்தார். ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினார்.

"நீ முந்தியே ஆரம்பிச்சிட்ட. காலண்டர்படி நாளைக்குத்தான் நாப்பத்தெட்டு ஆரம்பிக்குது. நானும் ஒன் கூட இருக்கேன் ராணி. ஒரு வேளச் சாப்பாடு. ஒனக்குத் தொணையா."

சாமான் விளக்கிக்கொண்டிருந்த செல்வராணி கையை நிறுத்தினாள். பேச்சியம்மாளுக்கும் சர்க்கரை உண்டு. காலையில் இரண்டு மாத்திரை, சாயங்காலம் ஊசி.

"அத்தை, நீங்க வேணாம். ஒங்களுக்குச் சக்கரை இருக்கு."

"ஒனக்கும்தான் இருக்கு. நீ இருக்கல?"

இதற்கு ஒரே பதில்தான் உண்டு, அதைச் சொல்ல வாய் வரவில்லை. சும்மா ஒரு வாரம் இருப்பார், பசி தாங்காமல் விட்டுவிடுவார் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். பேச்சியம்மாள் விடுகிற ஆளில்லை என்பது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? முப்பது வருஷம் மழையென்றும் பாராமல் காட்டுக்குப் போனவர்.

அதன் பிறகு அவளுடைய அலைச்சலுக்குக் காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. எடை இறங்கிக்கொண்டே வந்தது. நூற்றுப் பதினொன்று, நூற்று நாலு. ஜனவரி பிறந்தபோது முதல்முறையாக நூறுக்குக் கீழே. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இட்லியை அவசரமாக விழுங்கிய ஒருநாள் நெஞ்சில் கல் வைத்தது போல அடைத்து, வாஷ்பேசினில் நுரையாக வந்தது. டாக்டர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய சேதி. அவளோ தொழிற்சாலையில் லைனுக்கும் ஆபிஸுக்கும் நடையாக நடந்துகொண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் பண்டார் தெங்காராவுக்குப் போன் போட்டாள்.

"மாத்திர போட்டீங்களா அத்தை? சாப்பிட்டீங்களா?"

"மாத்திர காலையில போட்டாச்சு. சாப்பாடு மத்தியானம்."

"வெறும் வயித்துல மாத்திர போடக்கூடாது."

"மாத்திர என்ன சோறா? சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"அம்மாகிட்ட நீங்களாவது சொல்லுங்களேன்," என்று கமலநாதனிடம் கெஞ்சினாள்.

"நான் சொன்னா என்னையும் சேத்துத் திட்டும். ஒன் வயிறு, நீயே சொல்லு," என்று அவன் நழுவினான். பஸ்ஸில் நாற்பத்து நாலு பேரை ஏற்றி ஹைவேயில் பறக்கிறவனுக்கு அம்மா முன்னால் தைரியம் வராது.

சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு மைவி காரை எடுத்துக்கொண்டு தனியாகவே கிளம்பினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். அத்தை, ஒரு விஷயம். அத்தை, கோவிச்சுக்காதீங்க. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருந்தன, அவளும் ஒரே வாக்கியத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். போய் இறங்கியபோது பேச்சியம்மாள் அகலமாக ஒரு வாழையிலையைப் போட்டுவிட்டு வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுப் பிரேமலாவையும் கூப்பிட்டிருந்தார்.

"என் மருமக. முருகனுக்கு விரதம்," என்று அறிமுகப்படுத்தினார். பிரேமலாவுக்கு அவளைப் பத்து வருஷமாகத் தெரியும்.

சாம்பார், கூட்டு, வாழைக்காய், பாயசம். ஒரு வேளைச் சாப்பாடு என்பதால் மூன்று வேளைக்கும் சேர்த்துச் சமைத்திருந்தார். செல்வராணி மென்று மென்று விழுங்கினாள். நாலாவது கரண்டியில் நெஞ்சு அடைத்தது. இலையைப் பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. இதுதான் நேரம், இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

பேச்சியம்மாளின் கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா பிரேமலா? நாலு கரண்டி. அதுக்கு மேல தொடமாட்டேங்குறா. விரதம்னா இது. நானும் இருக்கேனே, ஒரு வேளதான்னு சொல்லிக்கிட்டு மலை மாதிரி போட்டுத் திங்கறேன்."

சொல்லிவிட்டுத் தன் இலையில் இருந்த சோற்றை வழித்து ஓரமாக ஒதுக்கினார். நாலு கரண்டி மட்டும் எண்ணி வைத்துக்கொண்டார். "வேணாம் அத்தை," என்று செல்வராணி அவர் கையைப் பிடித்தாள். "நீ இருக்கறப்ப எனக்கு என்ன," என்று கையை விடுவித்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிட்டார். பிரேமலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெருமையைப் பிரேமலாவின் கண்முன்னால் போட்டு உடைக்கச் செல்வராணிக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் வந்து தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். அந்த அடுத்த வாரத்தை நினைத்தால் இப்போதும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும் அவளுக்கு.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையில் ஓவர்டைம். போக முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு லைனில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. பிரேமலா.

"அக்கா, ஒங்க அத்தை கொல்லையில விழுந்து கெடந்தாங்க. பேச்சு கொழறுது, ஒடம்பெல்லாம் வேர்வை. ஆம்புலன்ஸ்ல கூலாய் ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டோம்."

தம்போயிலிருந்து கூலாய்க்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கமலநாதன் பஸ்ஸோடு பாசீர் கூடாங்கில் மாட்டிக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் ஸ்டியரிங்கைத் தட்டினாள். தண்ணீர் அலாரம் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கொன்றவள் நீதான் என்று மனசு திரும்பத் திரும்பச் சொன்னது.

வார்டில் இளம் டாக்டர் ஒருவர் தமிழில் பேசினார். "வரும்போது சக்கரை ரெண்டு புள்ளி ஒண்ணுதான், நாலுக்குக் கீழ எறங்கவே கூடாது. மாத்திரை போட்டிருக்காங்க, சாப்பிடல. குளுக்கோஸ் ஏத்தியாச்சு, இப்ப தெளிஞ்சிட்டாங்க. ஆனா இந்த மாத்திரை ஒடம்புல ரொம்ப நேரம் நிக்கும், மறுபடி இறங்கலாம். கண்டிப்பா சாப்பிடணும். சாப்பிட மாட்டேங்கறாங்க. நீங்க பேசுங்க."

பேச்சியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் வெளிறி, உதடு காய்ந்து, கையில் ஊசி குத்தியிருந்தது. எதிரில் கஞ்சிக் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது.

"சாப்பிடுங்க அத்தை."

"மத்தியானம் சாப்புடறேன். மணி பதினொண்ணுகூட ஆகல. முப்பத்தாறு நாள் இருந்தாச்சு, இன்னும் பன்னெண்டு நாள்தான். இப்பப் போயி கெடுக்கணுமா?"

"சாமி ஒண்ணும் சொல்லாது."

"ஒன் கூட இருக்கறேன்னு சொல்லிட்டேன் ராணி. நீ சின்னவ, நீயே நாலு கரண்டியில ஓட்டற."

செல்வராணி கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். சன்னல் வரைக்கும் போனாள், வந்தாள். பிறகு கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடினாள்.

"நான் விரதம் இல்ல அத்தை," என்றாள். "ஒருநாள்கூட இருந்ததில்ல. நவம்பர் மாசம் ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டேன். வயித்துல முக்கால்வாசிய எடுத்துட்டாங்க. நாலு கரண்டிக்கு மேல எறங்காது. பக்தி இல்ல, எடம் இல்ல."

பேச்சியம்மாள் அவளையே பார்த்தார். செல்வராணி யூனிஃபார்ம் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ஐந்து தழும்புகள், சிவப்பு மாறிக் கறுத்துக்கொண்டிருந்தன. பேச்சியம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரைக்கு வெளியே தள்ளுவண்டி போகும் சத்தம் கேட்டது. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது செல்வராணிக்கு.

"கமலுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"புள்ளைக்கு?"

"தெரியும்."

"நான் மட்டுந்தான் வெளியாளு." குரல் உடைந்தது. "கத்தி வைக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வெளியில ஒக்காந்து கும்புட்டுக்கிட்டாவது இருந்திருப்பேன்ல. அவரு போனப்ப அப்பிடித்தான் இருந்தேன்."

"பயமா இருந்துச்சு அத்தை. வெக்கமாவும் இருந்துச்சு. பெர்மாஸ் ஜெயா கல்யாணத்துல நீங்க அந்தப் பொண்ணப் பத்தி..."

பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் காதோரமாக இறங்கியது.

"பந்தியில நாலு பேரு சிரிக்கட்டும்னு சொன்னது. அத நீ ரெண்டு வருசமா வச்சிருக்கியா?"

செல்வராணி கிண்ணத்தை எடுத்து ஒரு கரண்டி கஞ்சியை நீட்டினாள். பேச்சியம்மாள் அதை வாங்காமல் கிண்ணத்தையே பறித்துக்கொண்டார். கோபத்தோடு சாப்பிட்டார். ஒவ்வொரு கரண்டியையும் யாரையோ அடிப்பது போலக் கிண்ணத்தில் குத்தி எடுத்தார். கிண்ணம் காலியானது. செல்வராணி சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். அப்போதுதான் தன் தொண்டை வறண்டு கிடப்பது தெரிந்து, பையிலிருந்த தண்ணீரை ஒரு வாய் குடித்தாள்.

"இப்ப ஒனக்குச் சக்கரை எவ்வளவு?"

"அஞ்சு புள்ளி எட்டு. மாத்திரைய நிறுத்திட்டாங்க."

பேச்சியம்மாள் புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"அப்ப வேண்டுதல் பலிச்சிருச்சு. தைப்பூசத்தன்னிக்கு நீ குடம் எடுக்கணும்."

"எப்படி அத்தை? நான் சொன்னது பொய். விரதமே இருக்கலையே."

"நான் வேண்டிக்கிட்டது என் சக்கரைக்குன்னா நெனச்ச?" என்றார் பேச்சியம்மாள். இன்னும் கோபமாகத்தான் இருந்தார், அவள் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார். "நீ இருக்கலன்னா போ. ஒன் பங்கையும் சேத்து நான் இருந்திருக்கேன்."